தாளின் பின்பக்கம்

மலர்க்குழுச் செயலாளர் தொலைபேசியில் சொன்னது இதுதான்: நமது தோட்டப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் மலருக்கு ஆளுக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டும், இனிய நினைவுகள் மட்டும், சண்டை சச்சரவு வேண்டாம். இனிப்பு வேண்டுமென்றால் பெல்மதுளை டவுனில் கடை நிறைய இருக்கிறது, வாங்கிச் சாப்பிடுங்கள். என்னிடம் இருப்பதைத்தான் நான் தர முடியும்.

இன்னொன்றும் சொன்னார். மலரின் அட்டைக்கு நல்ல படம் கிடைத்துவிட்டதாம். பெரிய பங்களாவை இப்போது ஓட்டலாக்கியிருக்கிறார்கள் அல்லவா, அங்கே மாட்டியிருக்கிற கறுப்பு வெள்ளைப் படம். பெண் ஒருத்தி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறாள். ‘நம்ம தோட்டத்துக்கே அடையாளம் அதுதானுங்களே’ என்றார். அந்தப் பெண் யார் என்று அவருக்குத் தெரியும். அதைச் செய்தது யார் என்றும் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டாரா, மறந்துபோய்க் கேட்டாரா என்பதை அவருக்கே விட்டுவிடுகிறேன். நான் போனை வைத்துவிட்டேன்.

நான் இப்போது ரம்புக்கனையில் மகள் வீட்டில் இருக்கிறேன். முழங்கால் இரண்டும் மக்கர் செய்கின்றன, கண்ணில் ஒன்றுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. கோபம் மட்டும் நல்ல சுகமாக இருக்கிறது. வயது போகப் போகக் கோபம் ஆறிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அவர் சும்மா சொல்லியிருக்கிறார்.

நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். ஆற்றுக்கு மேலே புதுக்காடு திறந்த வருஷம். அதுவரை இளமரமாக நின்ற ரப்பரில் முதன்முதலாகக் கத்தி வைத்தார்கள். தோட்டம் முழுக்க அதே பேச்சு. புதுக்காட்டுக்கு நல்ல வெட்டுக்காரர்களைத்தான் பிரித்துப் போடுவார்கள். அந்தப் பெயர்களில் முதல் பெயர் என் அம்மாவுடையது.

உங்கள் பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும். அவர்கள் ரப்பர் மரத்தை பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி. அவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மரத்துக்கு முன்னால் நின்றால், வெட்டு இடக்கைப் பக்கம் மேலே தொடங்கி வலக்கைப் பக்கம் கீழே சரிந்து இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் ஓடுகிற நரம்பு அப்படிச் சரித்தால்தான் நிறைய அறுபடும். மாற்றிச் சரித்தால் பால் குறையும். அது தோட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். மாற்றி வெட்டுகிறவளுக்கு வெட்டுக்காரி என்று யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள்.

என் அம்மா வெட்டுவதை நான் சனிக்கிழமைகளில் கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். விடியும் முன்னே போக வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். மரத்துக்கு மரம் நின்று, நேற்று உறைந்த பாலை வெட்டிலிருந்து நூலாக இழுத்து எடுத்து இடுப்புப் பையில் போடுவாள். பிறகு கத்தியை வைத்து ஒரே இழுப்பு. மெல்லிய பட்டைச் சீவல் சுருண்டு காலடியில் விழும். அதே கணம் வெள்ளையாகக் கோடு பூத்து, சரிவில் இறங்கி, மரத்தில் குத்திய தகர மூக்கு வழியாகச் சிரட்டைக்குள் சொட்டும். அவள் வெட்டிய மரத்தில் காயம் இருக்காது. கத்தி ஆழமாகப் போய் மரக்கட்டையைத் தொட்டால் அதைக் காயம் என்பார்கள். காயம் பட்ட இடம் பிறகு முண்டு முண்டாக வீங்கும். அம்மாவின் மரங்கள் வழவழவென்று இருக்கும். அவளுடைய கத்தி தீட்டித் தீட்டிப் பாதியாகத் தேய்ந்திருந்தது. அதை யாரையும் தொட விட மாட்டாள், அப்பாவையும்தான்.

அம்மாவின் மேல் எப்போதும் புளித்த பால் வாடை. விரல் இடுக்கில் காய்ந்த ரப்பரை உருட்டி எனக்குச் சின்னப் பந்து செய்து தருவாள். அந்தப் பந்துகளில் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை.

பெற்றோர் தினம் வந்தது. ஆளுக்கொரு கைவேலை கொண்டுவர வேண்டும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் நம்மிடையே ஒரு பைத்தியம் ஓடிக்கொண்டிருந்தது, நினைவிருக்கிறதா? அறுந்த ரப்பர் செருப்பில் பூவும் மீனும் செதுக்கி, மை தடவி, பாடக் கொப்பியில், சட்டையில், அடுத்தவன் முதுகில் என்று கண்ட இடத்திலெல்லாம் குத்துவது. பூவும் மீனும் எனக்குப் போதவில்லை. நான் அம்மாவைச் செதுக்கப் போனேன்.

அதற்குச் செருப்பு காணாது. அப்பா தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட் வேலை செய்தார். அங்கே ஓரம் வெட்டிக் கழித்த துண்டுகளில் நாலைந்தை நான் கேட்டு அடம்பிடிக்க, அவர் யாருக்கும் தெரியாமல் மடியில் வைத்து எடுத்துவந்தார். ஒன்றன்மேல் ஒன்றாகப் பாலால் ஒட்டி, அம்மிக்கல்லை மேலே ஏற்றி இரண்டு நாள் வைத்தேன். நல்ல கனமான பலகை கிடைத்தது. பழுப்பு நிறம், புகை வாடை. செதுக்க உளி வேண்டுமே? கண்டாக்கையா தன் உடைந்த குடையை ஓடையில் வீசியிருந்தார். குடைக்கம்பியை நடுவில் முறித்தால் அதன் முனை சின்ன வாய்க்கால் மாதிரி இருக்கும். அதைக் கல்லில் தீட்டினேன். ரப்பரைச் செதுக்கும்போது கம்பியைத் தண்ணீரில் நனைத்து நனைத்துச் செதுக்க வேண்டும், இல்லாவிட்டால் கவ்விக்கொள்ளும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, விரலை வெட்டிக்கொண்டுதான் கண்டுபிடித்தேன்.

கண்டாக்கையா என்பது காட்டு வேலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். காக்கிக் காற்சட்டையும் முழங்கால் வரை காலுறையும் போட்டவர். அவர் நம்மவர்தான், தமிழர்தான். அதையும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் தோட்ட மேலாளரான துரையைத்தான் முதலில் திட்டுகிறார்கள்.

மரத்தைச் செதுக்கினேன். வெட்டைச் செதுக்கினேன், இடது மேலே, வலது கீழே, அச்சாக அம்மா வெட்டுகிற மாதிரி. வலது கையில் கத்தி, காலடியில் வாளி, தலையில் கட்டிய துணி. விளக்குப் புகைக்கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் துணியால் ஒற்றினேன். வாத்தியார் கொடுத்த டைப் அடிக்கிற மெல்லிய தாளை மேலே போட்டு, கரண்டியின் முதுகால் தேய்த்தேன். இரண்டு தாள் அப்பிப் போய்விட்டது. மூன்றாவது நன்றாக வந்தது. அது ஒன்றுதான் நல்ல பிரதி. அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

தாளை உரித்து எடுத்தபோது அம்மா யாரோ மாதிரி இருந்தாள். ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. கைவேலை முடிந்த சந்தோஷத்தில் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பெற்றோர் தினத்தன்று வாத்தியார் வகுப்பில் குறுக்கே நூல் கட்டி, படங்களை ஈர்க்குக் குத்தித் தொங்கவிட்டார். உங்களில் ஒருவர் என் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொன்னார்.

“ஏய், இங்க வந்து பாருங்கடா. இவ அம்மா கோணையா வெட்டுது.”

எல்லோரும் வந்து பார்த்தீர்கள். படத்தில் வெட்டு வலப்பக்கம் மேலே தொடங்கி இடப்பக்கம் கீழே இறங்கியிருந்தது. கத்தி இடது கையில் இருந்தது. எல்லோரும் சிரித்தீர்கள். ஒளிப்பானேன், நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது படத்தைச் செய்தவள் மட்டும் சிரிக்காமல் எப்படி நிற்பது? அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

சொன்னவர் இன்று மலர்க்குழுச் செயலாளர்.

நமக்குப் பின்னால் கண்டாக்கையா நின்றுகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. கிட்ட வந்து படத்தை நெடுநேரம் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தேன்.

“யாரப் பாத்து செஞ்ச?”

“எங்கம்மாவப் பாத்துங்க ஐயா.”

அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். ஈர்க்கை உருவினார். படத்தை நடுவில் ஒரு மடிப்பு மடித்து, பைலுக்குள் வைத்துக்கொண்டு போனார். படம் துரையிடம் போகிறது என்று வாத்தியார் பூரித்துப்போய்ச் சொன்னார். நான் வீடு வரை ஓடியே போனேன்.

அம்மா பின்வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டதும் தீட்டுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அதுவரை தெரியாத ஒன்று அப்போதுதான் தெரிந்தது.

புதுக்காட்டில் ஒரு நிரை மரத்தில் வெட்டு மாறிக் கிடந்தது. இளமரத்தில் முதல் வெட்டுக்குக் கோடு போடுவது கண்டாக்கையாவின் வேலை. கம்பில் கொடி மாதிரி அடித்த ஒரு தகடு அவரிடம் இருக்கும். அதை மரத்தில் சுற்றிப் பிடித்து, அதன் சரிவில் ஆணியால் கோடு கீறுவார். அந்த நிரைக்கு வந்தபோது தகட்டை மறுபக்கம் திருப்பிப் பிடித்துவிட்டார். தகடு திரும்பினால் சரிவும் திரும்பும். அம்மா அதைக் கண்டு, கோடு மாறியிருக்கிறது என்று மற்ற வெட்டுக்காரர்கள் முன்னால் சொல்லியிருக்கிறாள். அதுதான் அவள் செய்த குற்றம், மற்றவர்கள் முன்னால் சொன்னது. கோடு போடுவது தன் வேலை, வெட்டுவது அவள் வேலை, வாயை மூடிக்கொண்டு கோட்டில் வெட்டு என்று அவர் சத்தம் போட்டிருக்கிறார். அவள் வெட்டினாள். இரண்டு மூன்று வாரத்தில் துரை காடு பார்க்க வந்து அந்த நிரையில் நின்றுவிட்டார். வெட்ட வெட்டக் கோடு சீவலோடு போய்விடுகிறது. கோடு எப்படி இருந்தது என்று காட்ட ஒன்றும் மிச்சமில்லை. தான் சரியாகத்தான் கீறினேன், இவள் கைதான் அப்படிப் போகிறது என்று கண்டாக்கையா சொல்லிவிட்டார். விசாரணை பெற்றோர் தினத்துக்கு மறுநாள் காலையில்.

அதற்கு முதல் நாள்தான் அவருக்கு என் படம் கிடைத்தது. அவள் பெற்ற பிள்ளையே அவளைப் பார்த்துச் செய்த படம்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அப்பிப் போன தாள்களில் ஒன்று அடுப்படித் தட்டில் கிடந்தது. அதை எடுத்து விரித்துப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். எண்ணெய் ஊறிய தாள், அதனால் கரிக்கோடு அத்தனையும் அந்தப் பக்கம் தெரிந்தது. அவள் தாளைத் திருப்பினாள்.

“இந்தா, இந்தப் பக்கத்துலேருந்து பாரு. வெட்டு சரியா இருக்கு, கையும் சரியா இருக்கு. நீ சரியாத்தான் செதுக்கியிருக்க. தாளுதான் மாத்திக் காட்டுது.”

பிறகு என் ரப்பர் பலகையைக் கொண்டுவரச் சொன்னாள். அதில் விரலை வைத்து வெட்டைத் தடவினாள். இடது மேலே, வலது கீழே. பலகையில் அவள் இருந்தாள். தாளில் இருந்தது யாரோ. இவ்வளவு சின்ன விஷயம், எழுத்து வாசனை இல்லாத ஒருத்தி மூன்று நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். நாளைக்கு இந்தப் பலகையை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டினால் போதும் என்றாள். அன்று மாலை அவள் முகத்தில் பயமே இல்லை. கருவாட்டுக் குழம்பு வைத்தாள். எனக்கு ஒரு துண்டு கூடப் போட்டாள்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

காலையில் பலகையைக் காணோம். தட்டில் இருந்த தாளையும் காணோம். அப்பா வழக்கத்துக்கு முன்னாலேயே வேலைக்குப் போயிருந்தார். அம்மாவும் நானும் ஆபீஸ் பாதையில் ஏறும்போது ஸ்டோர்ப் பக்கமிருந்து வாடை வந்தது. ஷீட்டுக்குப் புகை போடுகிற சூளையில் விறகுதான் எரியும், அந்த வாடை நமக்கெல்லாம் பழக்கம். இது ரப்பரே எரிகிற வாடை. தொண்டையைப் பிடிக்கிற வாடை. அம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.

பல வருஷம் கழித்து, பலகையை ஏன் எரித்தார் என்று அப்பாவிடம் நேருக்கு நேர் கேட்டேன். ஷீட்டுத் துண்டு ஸ்டோருக்கு வெளியே எப்படி வந்தது என்று ஆபீசில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பது என்றார்.

“ஒருத்தர் வேலையாவது மிஞ்சட்டும்னு நெனச்சேன்” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கலாம். நான் மன்னிக்கவில்லை. அவர் செத்தபோது அழுதேன், அது வேறு.

ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று நான் எல்லாவற்றையும் பார்த்தேன். துரையின் மேசையில் என் படம், மடிப்புப் பிரித்து வைத்திருந்தது. கண்டாக்கையா அதைக் காட்டித் துரையிடம் இங்கிலீஷில் பேசினார். எனக்குப் புரியவில்லை, அம்மாவுக்கும் புரியவில்லை. புரியாமல் இருக்கத்தானே இங்கிலீஷ்? துரை சிங்களவர். அம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கண்டாக்கையா பேசி முடிக்கும் வரை காத்திருந்து, அவள் நேராகத் துரையிடமே சொன்னாள்.

“மஹத்தயா, அனித் பெத்தென் பலன்ன.”

மற்றப் பக்கத்திலிருந்து பாருங்கள் என்று. தாளை எடுக்கக் கையும் நீட்டினாள். கண்டாக்கையா அவள் கையைத் தட்டிவிட்டார். அடி இல்லை, மேசையில் ஏறிய பூனையைத் தட்டுகிற தட்டு. துரை தாளைத் தானே எடுத்தார். அவருக்குப் பின்னாலேயே பெரிய ஜன்னல், ஜன்னல் நிறைய வெளிச்சம். தாளைப் புரட்டி அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கியிருந்தால் போதும்.

அவர் முன்பக்கத்தைப் பார்த்தார். பக்கவாட்டு ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்டிக்காரப் பிள்ளை என்று சிங்களத்தில் சொன்னார். மேசைக் கண்ணாடியைத் தூக்கி, அதன் கீழே படத்தை வைத்து மூடினார்.

அம்மாவிடமிருந்து கத்தியை வாங்கிக்கொண்டார்கள். அவள் சொந்தமாகத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த கத்தி. மறுநாள் முதல் புல்லு வெட்டுக்குப் போனாள். ரிட்டையராகும் வரை புல்லு வெட்டுத்தான். மறு பேச்சுப் பேசாமல் போனாளே என்று அவள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. கூச்சல் போட்டிருக்கலாம். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக் களத்தில் மறியலாக உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வீட்டுக்குள்ளேயே அவள் பக்கம் ஆள் இல்லாதபோது வெளியே யாரை நம்பி உட்காருவது?

அதே மாதம் நடந்த இன்னொன்றை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பிரட்டுக் களத்தில் கண்டாக்கையாவின் கொடித்தகடு தொங்கும். அதன் ஒரு பக்கத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். சிவப்புப் பக்கம் ஆளைப் பார்த்து இருக்கும்படி பிடித்துத்தான் இனிக் கோடு போட வேண்டும் என்று உத்தரவு. பிழை அம்மாவின் கையில் இருந்தால் தகட்டுக்கு ஏன் பெயிண்ட்? உங்கள் அம்மாக்களும் அப்பாக்களும் தினமும் காலையில் அந்தச் சிவப்புத் தகட்டுக்கு நேர் கீழே நின்று பெயர் கொடுத்தார்கள். ஒருவர் கேட்கவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

கேட்பதற்குப் பதிலாக ஒரு பெயர் வைத்தீர்கள். கோணவெட்டு. பள்ளிக்கூடத்தில் தொடங்கியது தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போனது, கடைக்குப் போனது, கோயில் திருவிழாவுக்குப் போனது. கோணவெட்டு வீட்டுப் பிள்ளை என்றால் நான். கோணவெட்டு மருமகன் என்றால் என் புருஷன். அந்த மனுஷனுக்கு அது என்ன பெயர் என்றே நான் கடைசி வரை சொல்லவில்லை. அம்மா செத்த அன்று, வாசலில் நான் உட்கார்ந்திருக்க, ரோட்டிலிருந்து ஒருத்தி இன்னொருத்திக்குச் சத்தமாகச் சொன்னாள், கோணவெட்டு ஆத்தா போயிட்டாம் என்று. நாற்பது வருஷம் சரியாக வாழ்ந்து என்ன? கடைசியில் அதுதான் பெயர்.

படம் வேறு பாதையில் போனது. துரையின் மேசையிலிருந்து அவருடைய மனைவி அதை எடுத்துச் சட்டம் போட்டுப் பங்களாச் சுவரில் மாட்டினார். பின்பக்கம் பலகை அறைந்தாயிற்று, இனி யாரும் அந்தப் பக்கத்தைப் பார்க்க முடியாது. பிறகு வந்த துரை ஒருவர் இரத்தினபுரி அச்சகத்தில் கொடுத்து அதைத் தோட்டக் கலண்டரில் போட்டார். கலண்டரில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்திருந்தது. கலண்டரைப் பார்த்து ஒரு பெயிண்டர் சந்தியில் நிற்கும் தோட்டப் பெயர்ப் பலகையில் வரைந்தான். அங்கே அவள் வெள்ளையாகி, கொண்டையில் பூ வைத்துக்கொண்டாள். பங்களா ஓட்டலானதும் பத்திக் என்கிற சாயத் துணியில் வந்தாள். அதில் ரப்பர் மரம் பாதி தென்னை மாதிரி, வாளி பூக்கூடை மாதிரி. நிறம் மாறியது, சேலை மாறியது, முகம் மாறியது. எல்லாவற்றிலும் மாறாமல் போனது அந்தக் கோணல் வெட்டு ஒன்றுதான். அதை மட்டும் அத்தனை பேரும் கவனமாகப் பார்த்துப் பிரதி எடுத்திருக்கிறார்கள்.

செயலாளரின் போன் வந்த மூன்றாம் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அந்த ஓட்டலுக்குப் போனேன். முன்மேசையில் இருந்த பையன் மரியாதையான பிள்ளை. சிங்களத்தில்தான் பேசினோம். சுவரில் மூலப் படம் இருந்தது. நடுவில் கண்டாக்கையா மடித்த மடிப்பு அப்படியே தெரிந்தது. ஓரத்தில் என் எண்ணெய்க் கறை. கீழே ஒரு அட்டையில், பெயர் தெரியாத கலைஞர் என்று எழுதியிருந்தது. அந்தப் பெயர் தெரியாத கலைஞர் நான்தான் என்றேன். அவன் சிரித்தான். சட்டத்தைக் கழற்றி ஒரு நிமிஷம் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டச் சொன்னேன். அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டுமாம். மன்னித்துக்கொள்ளச் சொன்னான். இரண்டு தலைமுறை தாண்டியும் அதே பதில்.

வெளியே வரும் வழியில் ஒரு கூடையில் குளிக்கிற சவுக்காரக் கட்டிகள் இருந்தன. மேலே அதே படம், புடைப்பாக. பாதி விலை என்று சீட்டு ஒட்டியிருந்தது. நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். வெட்டு இடது மேலே தொடங்கி வலது கீழே இறங்கியிருந்தது. கத்தி வலது கையில் இருந்தது.

ஏன் பாதி விலை என்று பையனிடம் கேட்டேன். அச்சுச் செய்தவன் படத்தைத் திருப்பிச் செதுக்க மறந்துவிட்டானாம். அதனால் சவுக்காரத்தில் எல்லாம் மாறி விழுந்துவிட்டதாம். பழுதான லொட், தீர்ந்ததும் சரியான அச்சு வந்துவிடும் என்றான். அம்மா சரியாக வெட்டுகிற ஒரே பிரதி, அதைத்தான் பழுது என்று கூடையில் கொட்டிவைத்திருக்கிறார்கள். நான் அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். மகள் பயந்துவிட்டாள். இருந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பேத்தி ஒன்றை நனைத்துவிட்டாள், முதலில் கரைந்தது கத்திதான்.

செயலாளருக்கும் மலர்க்குழுவுக்கும் சொல்கிறேன். அட்டையில் அந்தப் படத்தைப் போடக்கூடாது. வேறு என்ன வேண்டுமானாலும் போடுங்கள், கோயில் கோபுரத்தைப் போடுங்கள், உங்கள் முகத்தைப் போடுங்கள். படம் இந்தக் கட்டுரைக்குள் வரட்டும். உள்ளது உள்ளபடி, கோணல் வெட்டோடு, மடிப்போடு. மகள் போனில் எடுத்ததை அனுப்பியிருக்கிறேன். எனக்குக் கொடுத்த இரண்டு பக்கத்தில் இந்த எழுத்தைப் பொடியாக்கி ஒரு பக்கத்துக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். படத்துக்குத் தனித்தாள் வேண்டும், மெல்லிய தாள். அதன் பின்பக்கத்தில் எதுவும் அச்சடிக்கக்கூடாது. நகைக்கடை விளம்பரம் கூடாது, வாழ்த்துச் செய்தி கூடாது, பக்க எண்ணும் கூடாது. பேச்சு மாறினால் மலர் வெளியீட்டன்று நானே மேடைக்கு ஏறி வருவேன். முழங்கால் அதற்கு ஒத்துழைக்கும்.

மற்றவர்களுக்கு ஒரு சின்ன வேலை. மலர் கைக்கு வந்ததும் அந்தத் தாளைக் கிழித்து எடுங்கள். வாசலுக்கு வாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து பாருங்கள்.

பார்த்துவிட்டு, அங்கே வெட்டுகிறவளின் பெயரை ஒருமுறை சத்தமாகச் சொல்லுங்கள். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. உங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று பார்ப்போம்.